பிரிட்ஜுக்கு அடியில் ஃபெவிக்விக்

வேலூரில் பரணிலிருந்து கிட்டார் இறங்குவது பெரும்பாலும் மே மாதத்தில்தான். பரீட்சை முடிந்திருக்கும், பையனுக்குப் பொழுது போகாது. சித்தப்பா ஒரு காலத்தில் சர்ச் கொயரில் வாசித்த கிவ்சனோ ஹாப்னரோ தூசியும் சிலந்திக்கூடுமாகக் கீழே வரும். அதன்பின் அந்தக் கிட்டாருக்கு நடப்பதெல்லாம் வருஷா வருஷம் அச்சு மாறாமல் ஒன்றேதான். இருபது வருஷம் பரணில் கிடந்தபோது ஆகாத சேதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் ஆகிவிடுகிறது. கைதேர்ந்தவர்களும் ஆளுக்கு ஒரு கிட்டாரையாவது இப்படிக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டார்கள். ஆனாலும் அடுத்தவர் அதையே செய்வதைப் பார்க்கும்போது கை பதறுகிறது.

ஸ்ட்ரிங்கை வரிசை மாற்றிப் போடாதே, தண்ணீர் ஊற்றிக் கழுவாதே என்பதெல்லாம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஓரளவு விவரம் தெரிந்து, நாலு வீடியோ பார்த்துத் தைரியம் வந்தவர்கள் செய்கிற தவறுகளைத்தான் இங்கே சொல்கிறோம்.

12 செட் ஸ்ட்ரிங் போடுவது

கடையில் 'நல்ல சவுண்ட் வரும்' என்று கொடுப்பது 12–53 செட் (மெல்லிய, தடித்த கம்பிகளின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). நார்மல் ட்யூனிங்கில் அந்த ஆறு கம்பியும் சேர்ந்து கிட்டத்தட்ட 73 கிலோ இழுக்கும். 10–47 செட் இழுப்பது சுமார் 60 கிலோ. அந்த 13 கிலோ வித்தியாசத்தைப் புதுக் கிட்டார் தாங்கும். மேல் பலகை ப்ளைவுட், உள்ளே ஏணிப்படி மாதிரி குறுக்குக் கட்டைகள், பசை போட்டு முப்பது நாற்பது வருஷம் என்று இருக்கும் கிட்டார் தாங்காது. 10 செட்டே போடுங்கள். மேல் பலகை உப்பியிருந்தால் அரை ஸ்வரம் இறக்கி ட்யூன் செய்து, முதல் ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கேப்போ (எல்லாக் கம்பியையும் அழுத்தும் கிளிப்) மாட்டி வாசியுங்கள்.

நைலான் கிட்டாரில் இரும்புக் கம்பி போடுவது இதைவிட மோசம். அது சுமார் 40 கிலோ இழுப்புக்குச் செய்தது. நெக் (கிட்டாரின் கழுத்து) அகலமாக, நட் (தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளக்கட்டை) இருக்கும் இடத்தில் 50 மி.மீ. அளவில் இருந்து, பிரிட்ஜில் (மேல் பலகையில் கம்பிகளை மாட்டும் கட்டை) கம்பியைப் பிடிக்கும் குட்டி ஆணிகள் ('பின்') இல்லாமல் கம்பியை முடிச்சுப் போடும் துளைகள் இருந்தால் அது நைலான் கிட்டார். 'சத்தம் கம்மியா இருக்கே' என்று கம்பியை மாற்றினால், சில வாரத்தில் பிரிட்ஜ் தனியாகக் கையோடு வரும்.

ஆக்‌ஷன் உயரம் என்றால் உடனே ட்ரஸ் ராடைத் திருகுவது

ட்ரஸ் ராட் நெக்கின் உள்ளே இருக்கும் இரும்புத் தண்டு, நெக்கின் வளைவைச் சரிசெய்யும். கம்பியின் உயரத்தை, அதாவது ஆக்‌ஷனை, குறைப்பது அதன் வேலை இல்லை. அந்தக் காலத்து மலிவுக் கிட்டார்கள் பலவற்றில் திருகக்கூடிய ராடே கிடையாது. தலையில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் உள்ளே வெறும் மரம்.

முதலில் அளந்து பாருங்கள். முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு, 14ஆவது ஃப்ரெட்டில் தடித்த கம்பியை அழுத்திப் பிடித்தால், 7ஆவது ஃப்ரெட்டுக்கு மேல் 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். விசிட்டிங் கார்டு நுழையும் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். அது சரியாக இருந்தும் 12ஆவது ஃப்ரெட்டில் கம்பி 4 மி.மீ. உயரத்தில் நிற்கிறதா? அப்படியானால் கோளாறு நெக்கின் வளைவில் இல்லை. சேடில் (பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் பட்டை) உயரமாக இருக்கலாம், பிரிட்ஜ் தூக்கியிருக்கலாம், நெக் சாய்ந்திருக்கலாம்.

ஓர் இரும்பு ஸ்கேலை ஃப்ரெட்டுகளின் மேல் நீளவாக்கில் வைத்து பிரிட்ஜ் வரை கொண்டுபோங்கள். ஸ்கேலின் நுனி பிரிட்ஜின் மேற்பரப்பை உரசிக்கொண்டு போனால் நெக் நன்றாக இருக்கிறது. பிரிட்ஜின் முகத்தில் 3 மி.மீ. கீழே போய் முட்டினால் நெக்கைப் பிரித்துச் சாய்வு திருத்த வேண்டும். அது வீட்டில் செய்யும் வேலை அல்ல. மலிவுக் கிட்டாருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகுமா என்பதையும் அப்போதே யோசித்துவிடுங்கள்.

சேடிலைத் தேய்த்தால் போதும் என்ற நிலை இருந்தால், 12ஆவது ஃப்ரெட்டில் அரை மி.மீ. குறைய சேடிலில் ஒரு மி.மீ. எடுக்க வேண்டும். தடித்த ஈ கம்பி 2.5, மெல்லிய ஈ 2 மி.மீ. என்பது நல்ல இலக்கு. சேடிலின் இரு முனையிலும் ஸ்க்ரூ இருக்கும் மாடல் என்றால் தேய்க்கவே வேண்டாம், திருகி இறக்கினாலே ஆயிற்று.

தூக்கிய பிரிட்ஜுக்கு அடியில் பசையை ஊற்றுவது

இதைச் சொல்லத்தான் மற்றதெல்லாம்.

சத்துவாச்சாரியில் தகரக் கூரை போட்ட மாடி அறையில் மாட்டியிருந்த கிட்டார் ஒன்று. பிரிட்ஜின் பின்விளிம்பில் நூலிழை இடைவெளி தெரிந்திருக்கிறது. வைத்திருந்த மாணவர் அந்த இடைவெளியில் ஃபெவிக்விக்கை விட்டு, மேலே அம்மிக் குழவியை வைத்திருக்கிறார். 'ஒட்டியாச்சுண்ணா, கல்லு மாதிரி நிக்குது' என்றார். ஒன்றரை மாதம் நின்றது. அடுத்து அரால்டைட். அதுவும் கோடையில் விட்டது. மூன்றாவதாக, பிரிட்ஜின் இரு பக்கமும் துளை போட்டு நாலு மி.மீ. போல்ட். ஒட்டாத பிரிட்ஜை போல்ட் இரண்டு இடத்தில் மட்டும் பிடித்ததால் நடுப்பகுதி மேல் பலகையையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு எழுந்தது. கடைசியில் கழற்றியபோது ப்ளைவுட்டின் மேல் அடுக்கு உள்ளங்கை அகலத்துக்கு பிரிட்ஜோடு வந்துவிட்டது. ஒரு நாள் வேலையாக முடிந்திருக்க வேண்டியது, பலகையில் ஒட்டுப் போடும் வேலையாகிவிட்டது.

ஏன் நிற்கவில்லை? அந்த இடைவெளிக்குள் பழைய பசையும் தூசியும் படிந்திருக்கிறது. புதுப் பசை மரத்தைத் தொடுவதே இல்லை, காய்ந்த பழைய பசையின் மேல்தான் உட்காருகிறது. போதாததற்கு, இந்த மலிவுக் கிட்டார்கள் பலவற்றில் ஃபேக்டரியிலேயே வார்னிஷின் மேல் பிரிட்ஜை ஒட்டியிருப்பார்கள். மரத்தோடு மரம் சேராத ஒட்டு அறுபது கிலோ இழுப்பில் நிற்காது. ஃபெவிக்விக் இழைக்குள் இறங்கிக் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். அதைக் கரைக்க அசிட்டோன் வேண்டும், அசிட்டோன் பட்டால் பாலிஷும் போகும். அரால்டைட் தண்ணீருக்கு அசையாது. அது படிந்த இடத்தில் பிறகு வேறு எந்த மரப் பசையும் பிடிக்காது. இரண்டும் அதனதன் வேலைக்கு நல்ல பசைதான், பிரிட்ஜ் அந்த வேலை இல்லை. ஒரு சின்ன ட்யூபால் அடுத்து வரும் ரிப்பேர்க்காரரின் வழியை அடைத்துவிடுவதுதான் எரிச்சலாக இருக்கிறது.

ஃபெவிகால்? வேலூரை வெயிலூர் என்று சும்மா சொல்லவில்லை. அந்த வெள்ளைப் பசை சூட்டிலும் ஓயாத இழுப்பிலும் மெல்ல மெல்ல நகரும். பீரோ கதவுக்கு அது பரவாயில்லை. பிரிட்ஜ் அரை மி.மீ. முன்னால் நகர்ந்தாலே மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி விலகும்.

சரியான வழி இதுதான். பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். ஒன்றிரண்டு மி.மீ.க்கு மேல் உள்ளே போனால் அன்றே ஸ்ட்ரிங்குகளைத் தளர்த்திவிடுங்கள். பிறகு பிரிட்ஜை முழுதாகக் கழற்ற வேண்டும், பாதி கழற்றி ஒட்டுவது வேலைக்காகாது.

கழற்றுவதற்கு முன் பிரிட்ஜில் வெள்ளைப் பொட்டுகள் இருக்கிறதா என்று பாருங்கள். அவற்றின் அடியில் ஃபேக்டரி போல்ட் ஒளிந்திருக்கலாம். சின்னக் கண்ணாடியும் செல்போன் டார்ச்சும் வைத்து கிட்டாரின் நடு ஓட்டை வழியாக உள்ளே பார்த்தால் போல்ட்டின் நட்டு தெரியும். அதைக் கழற்றாமல் நெம்பினால் பலகை கிழியும்.

சேடிலை உருவிவிடுங்கள், பிளாஸ்டிக் என்றால் உருகும். அட்டையில் பிரிட்ஜ் அளவுக்கு ஓட்டை வெட்டி, அலுமினிய ஃபாயில் சுற்றி, சுற்றியுள்ள பாலிஷை மூடுங்கள். இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் பிரிட்ஜின் மேல் ஐந்து நிமிஷம் வைத்து எடுங்கள். பெயின்டர்கள் பட்டி பார்க்கும் மெல்லிய தகட்டின் முனையை மழுக்கி, சூடாக்கி, மூலையிலிருந்து செருகுங்கள். நெம்பக் கூடாது, தள்ள வேண்டும். மர இழை தகட்டோடு எழுந்தால் உடனே நிறுத்தி எதிர்ப்பக்கத்திலிருந்து வாருங்கள். பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை மறுபடி சூடு. ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்.

வெளியே வந்ததும் பழைய பசையை வெந்நீரில் நனைத்த துணியால் ஊறவைத்துச் சுரண்டுங்கள். ஈரம் காய ஒரு நாள் விடுங்கள். பிரிட்ஜ் உட்காரும் இடத்தில் பாலிஷ் இருந்தால், விளிம்பில் ஒரு மி.மீ. விட்டுவிட்டு உள்ளே மரம் தெரியும்வரை பிளேடால் சுரண்டுங்கள். மேல் பலகை லேசாக உப்பியிருக்கும். அந்த வளைவுக்குப் பொருந்த, 120 நம்பர் உப்புத்தாளை பலகையின் மேல் மல்லாக்க வைத்து, அதன்மேல் பிரிட்ஜின் அடிப்பாகத்தைத் தேயுங்கள். தட்டையாகத் தேய்த்த பிரிட்ஜ் இரண்டு ஓரத்திலும் தூக்கிக்கொண்டு நிற்கும்.

இடம் பிசகாமல் இருக்க: நட்டிலிருந்து 12ஆவது ஃப்ரெட் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். 32.4 செ.மீ. என்றால் 64.8. சேடில் மெல்லிய ஈ கம்பிக்கு அதைவிட 2 மி.மீ., தடித்த ஈ கம்பிக்கு 4 முதல் 5 மி.மீ. பின்னால் இருக்க வேண்டும். முதல், ஆறாவது பின் துளைகளில் அதே தடிமன் ட்ரில் பிட்டைச் செருகி வைத்தால் கிளாம்ப் போடும்போது பிரிட்ஜ் வழுக்காது.

பசைக்கு இரண்டு வழி. ஆன்லைனில் கிடைக்கும் மஞ்சள் நிற டைட்பாண்ட் ஒரிஜினல் ஒன்று. தச்சர்கள் போன தலைமுறை வரை காய்ச்சிய வஜ்ஜிரம் இன்னொன்று. தோல் பதனிடும் இடங்களில் கழித்துப்போடும் துண்டுகள்தான் வஜ்ஜிரத்துக்கு மூலப்பொருள். ராணிப்பேட்டைக்கும் ஆம்பூருக்கும் நடுவில் இருக்கும் நமக்கு அந்த வாசனை புதிதல்ல. வயலின் செய்பவர்கள் இன்றும் நம்புவது இந்தப் பசையைத்தான். வஜ்ஜிர மணிகளைக் குளிர்ந்த நீரில் சில மணி நேரம் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து 60 முதல் 65 டிகிரியில் கரைக்க வேண்டும். கொதித்தால் பலம் போய்விடும். பூசிய ஒன்றிரண்டு நிமிஷத்துக்குள் கிளாம்ப் போட்டாக வேண்டும் என்பதுதான் அதில் கஷ்டம். முதல் தடவை செய்பவருக்கு மஞ்சள் பசையே நல்லது. இரண்டையும் நாளைக்குச் சூடும் ஈரமும் காட்டிப் பிரிக்கலாம்.

கிளாம்ப் மூன்று வேண்டும், 15 செ.மீ. ஆழமாவது உள்ளே எட்ட வேண்டும். ஹார்டுவேர் கடையின் சாதாரண சி கிளாம்ப் எட்டாது. உள்ளே ஒரு மரத்துண்டு, அதன்மேல் பிளாஸ்டிக் தாள். பிதுங்கும் பசையை ஈரத் துணியால் உடனே துடையுங்கள். 24 மணி நேரம் கிளாம்பில், இன்னொரு நாள் சும்மா, அதற்குப் பிறகுதான் ஸ்ட்ரிங்.

குழவி வேண்டாம். அது அழுத்துவது நடுவில் மட்டும்.

அளக்காமல் புதுக் கீ வாங்குவது

பழைய கிட்டாரில் மூன்று கீ (கம்பியை முறுக்கும் திருகு) ஒரே தகட்டில் இருக்கும், தண்டு 6 மி.மீ. புது டைகாஸ்ட் கீக்கு 10 மி.மீ. துளை வேண்டும். ட்ரில் மெஷினால் துளையைப் பெரிதாக்கினால் தலை பிளந்துவிடும். ரீமரால் (துளையைச் சீவிப் பெரிதாக்கும் கருவி) கையில் திருப்பித்தான் எடுக்க வேண்டும். தகடு வகையே வாங்குவதென்றால் தண்டுக்குத் தண்டு நடுவளவு பாருங்கள், பெரும்பாலும் 35 மி.மீ.

அதற்கும் முன்னால், சுருதி நிற்காததற்குக் கீதான் காரணமா என்று பாருங்கள். ட்யூன் செய்யும்போது 'டிக்' என்று சத்தம் வந்தால் கம்பி நட்டில் சிக்குகிறது. பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்து, கீயின் பல்லில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் பாதிக் கிட்டார்கள் சரியாகிவிடும்.

நட்டின் பள்ளத்தை ஆழமாக அறுப்பது

மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தும்போது முதல் ஃப்ரெட்டில் தாள் கனத்துக்கு இடைவெளி இருக்க வேண்டும். கம்பி ஃப்ரெட்டையே தொட்டுவிட்டால் ஆழம் அதிகம். ஃபெவிக்விக்குக்கு ஒரு நியாயமான வேலை இங்கேதான் இருக்கிறது: பள்ளத்தில் ஆப்பச் சோடாவை நிரப்பி ஒரு சொட்டு விட்டால் கல்லாகும், மறுபடி அறுத்துக்கொள்ளலாம்.

ஃபிங்கர்போர்டுக்குத் தேங்காய் எண்ணெய்

தலைக்கு மட்டும். அது காயாது, தூசியைச் சேர்க்கும், சிக்குவாடை அடிக்கும். அதுவும் இந்தப் பலகைகள் பல, ரோஸ்வுட் மாதிரி தெரிய கருப்புச் சாயம் பூசியவை. துணியில் கருப்பு ஒட்டினால் ஈரத் துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பாலிஷைத் தேய்த்து எடுப்பது

வேண்டாம்.

பிக்அப்புக்காக ஓட்டை போடுவது

கிட்டாரின் ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்ப, நடு ஓட்டையில் (சவுண்ட்ஹோல்) மாட்டும் பிக்அப் போதும்.

டெயில்பீஸ் மாடலில் ஆறு கம்பியையும் ஒன்றாகக் கழற்றுவது

கம்பி கிட்டாரின் வாலில் மாட்டியிருக்கும் வகையில் பிரிட்ஜ் ஒட்டியிருக்காது, கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கும். கழற்றும் முன் அதன் நாலு மூலையிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். முன்பே நகர்ந்துவிட்டதென்றால் மேலே சொன்ன 12ஆவது ஃப்ரெட் கணக்கே இதற்கும்.

காரில் விட்டுப் போவது

பெங்களூர் ரோட்டில் மே மாத மத்தியானம் கண்ணாடி ஏற்றிய காருக்குள் அறுபது டிகிரி சாதாரணம். வஜ்ஜிரம் இளகும் சூடும் அதுதான், வெள்ளைப் பசைக்கு அவ்வளவுகூட வேண்டாம். கிளம்பும்போதே எல்லாக் கம்பியையும் ஒரு முழு ஸ்வரம் இறக்கிவிடுங்கள். ஆம்பூரில் பிரியாணிக்கு நிறுத்தினால் கிட்டாரும் கூட இறங்கட்டும். கடைக்குள் அதற்கு இடமில்லை என்றால் பார்சல் வாங்கிக்கொள்ளுங்கள்.