பாறைக்குள் மாட்டிக்கொண்டால் மூன்று எழுத்து போதும்

போன வாரம் ஏற்காட்டில் சித்தி வீட்டில் இருந்தேன். நாலு மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டதால் தம்பி லேப்டாப்பில் ஸ்கைரிம் என்ற வீடியோ கேம் ஆட உட்கார்ந்தான். குறுக்குவழி தேடி மலையேறியவன் இரண்டு பாறைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டான். கடைசியாக ஆட்டத்தைச் சேமித்த சேவ் ஒன்றரை மணி நேரத்துக்கு முந்தையது. பையன் முகம் வாடிவிட்டது.

பதற வேண்டாம். கீபோர்டில் 1-க்கு இடப்பக்கம் உள்ள விசையை அழுத்தினால் கன்சோல், அதாவது ஆட்டத்துக்குக் கட்டளை தட்டும் பெட்டி, திறக்கும். டி, சி, எல் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை இடைவெளி இல்லாமல் தட்டி என்டர் கொடுங்கள். அதன்பின் சுவரோ பாறையோ தடுக்காது. வெளியே நடந்து வந்ததும் அதையே மறுபடி தட்டி அணைத்துவிடுங்கள். இது கணினியில் மட்டும்தான். பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸில் இந்த வசதி கிடையாது.

மோட், அதாவது ஆட்டத்தை மாற்ற ரசிகர்கள் செய்யும் கூடுதல் கோப்பு விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. ஆட்டத்தின் பாதியில் ஒரு மோடை நீக்கினாலும் அதன் ஸ்கிரிப்ட் (நிரல்) மிச்சங்கள் சேவ் கோப்பிலேயே தங்கிவிடும். பல நாள் கழித்து ஆட்டம் திடீரென்று கிராஷ் ஆகலாம். காரணம் கண்டுபிடிப்பது பெரும்பாடு. அதனால் எந்த மோடைப் போடும் முன்பும் தனியாக ஒரு சேவ் எடுத்து வையுங்கள். பிடிக்காவிட்டால் மோடை நீக்கிவிட்டு அந்தப் பழைய சேவுக்கே திரும்புங்கள். ஒரே நாளில் இருபது மோட் ஏற்றாதீர்கள், ஒவ்வொன்றாகப் போட்டு ஆடிப் பாருங்கள்.

2016-இல் ஸ்கைரிமின் மறுவெளியீடாக வந்த ஸ்பெஷல் எடிஷனில் மோட் போட்டால் பொதுவாக அச்சீவ்மென்ட் (ஆட்டத்தில் சாதனைக்குத் தரும் பதக்கம்) கிடைக்காது. அது முக்கியம் என்றால் முதல் ஆட்டத்தை மோட் இல்லாமலே முடித்துவிடுங்கள்.