குழந்தைகளுக்கு முதல் வீடியோ கேம்: கருவி வாங்குவது முதல் உடன் அமர்ந்து விளையாடுவது வரை

குழந்தைகளுக்காக முதன்முறையாக வீடியோ கேம் கருவி வாங்க நினைக்கும் பெற்றோர் பலரும், எந்தக் கருவி சிறந்தது என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகிறார்கள். கருவியின் வேகமும் படத்தின் துல்லியமும் ஆறு வயதுக் குழந்தைக்குப் பெரிய பொருட்டே அல்ல. அந்தக் குழந்தையின் விரல்களால் சமாளிக்கக்கூடிய கேமா, பெரியவர் ஒருவர் இரண்டாவது கன்ட்ரோலரை (கேமை இயக்கக் கையில் பிடிக்கும் சாதனத்தை) பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காரப் போகிறாரா என்பவைதான் முக்கியம். இரண்டாவது கேள்விக்கு ‘ஆம்’ என்று சொல்லத் தயாராக இருப்பவர்களுக்காக, அவர்கள் இதுவரை கன்ட்ரோலரைத் தொட்டதே இல்லை என்று வைத்துக்கொண்டு, இந்தச் செய்முறையை எழுதுகிறேன்.

படி 1: குழந்தையின் கையையும் வாசிப்பையும் கவனியுங்கள்

இன்றைய கன்ட்ரோலர்களில் கட்டைவிரலால் எந்தப் பக்கமும் சாய்க்கக்கூடிய இரண்டு சிறிய குமிழ்கள், அதாவது ஸ்டிக்குகள், இருக்கும். முப்பரிமாண கேம்கள் பெரும்பாலானவற்றில் இடது ஸ்டிக் திரையில் வரும் கதாபாத்திரத்தை நடக்க வைக்கும். வலது ஸ்டிக் நாம் பார்க்கும் கோணத்தைத் திருப்பும். இவ்விரண்டையும் ஒருசேர இயக்கப் பழகுவதற்குப் பெரியவர்களுக்கே நாளாகும். சிறு குழந்தை கோணத்தைத் திருப்ப மறந்து, சுவரில் முட்டியபடியே நடந்துகொண்டிருக்கும். சற்று நேரத்தில் சலித்துப்போய் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிடும். ஆகவே நான்கு, ஐந்து வயதில் தொடங்குபவர்களுக்கு, பாத்திரம் இடமிருந்து வலமாக ஓடும் பக்கவாட்டுக் கேம்களே ஏற்றவை. அவற்றில் ஓடுவதற்கு ஒரு ஸ்டிக்கும் தாவுவதற்கு ஒரு பட்டனும் இருந்தால் பெரும்பகுதியை விளையாடிவிடலாம்.

வாசிப்பும் இதே அளவுக்கு முக்கியம். 2020இல் வெளிவந்த ‘அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்’ மிக அமைதியான கேம், அதில் தோற்பது என்பதே இல்லை. ஆனால் அதன் பாத்திரங்கள் பேசுவதெல்லாம் எழுத்தில்தான் வருகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கவே இன்னும் பழகாத குழந்தை அதைத் தனியாக விளையாட முடியாது. பக்கத்தில் இருந்து படித்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

மிகச் சிறிய குழந்தைகளைப் பொறுத்தவரை, 2 முதல் 4 வயது வரை உட்கார்ந்து திரை பார்க்கும் நேரம் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைவாக இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. தொலைக்காட்சியும் கைபேசியும் அந்தக் கணக்கிலேயே சேரும் என்பதால், அந்த வயதில் கன்சோலுக்கு (வீடியோ கேம் கருவிக்கு) அவசரப்பட வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

படி 2: கருவியைத் தேர்ந்தெடுங்கள்

2017இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச், தொலைக்காட்சியிலும் கையிலும் விளையாடக்கூடியது. அதன் இரு பக்கமும் பொருத்தப்பட்டு வரும் ஜாய்-கான் என்ற கன்ட்ரோலர் ஜோடியைத் தனித்தனியாகக் கழற்றி, படுக்கைவாட்டில் பிடித்தால் இரண்டு சிறிய கன்ட்ரோலர்கள் கிடைத்துவிடும். பல கேம்களில் அன்றே இருவர் விளையாடத் தொடங்கலாம். 2019இல் வந்த ஸ்விட்ச் லைட் எடை குறைந்தது, சிறு கைகளுக்கு வசதியானது. ஆனால் அது தொலைக்காட்சியில் இணையாது, அதன் கன்ட்ரோலர்களும் கழலாது. குடும்பமாக விளையாடுவதுதான் நோக்கம் என்றால் லைட்டை முதல் கருவியாக வாங்க வேண்டாம். 2025இல் வெளியான ஸ்விட்ச் 2, பழைய ஸ்விட்ச் கேம்களில் பெரும்பாலானவற்றை இயக்கும். ஸ்விட்ச் கேம்கள் கருவியில் செருகும் சிறிய அட்டைகளில் விற்கப்படுகின்றன; ஸ்விட்ச் 2க்கான சில அட்டைகளில் கேம் இருக்காது. அட்டையைச் செருகியபின் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். பெட்டியின் முகப்பிலேயே அதைக் குறிப்பிட்டிருப்பார்கள், பார்த்து வாங்குங்கள்.

பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் ஆகிய இரண்டும் தொலைக்காட்சிக்கானவை. எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ் கருவியிலும், பிளேஸ்டேஷன் 5 டிஜிட்டல் பதிப்பிலும் டிஸ்க் போடும் வசதி இல்லை. நண்பர்களிடம் டிஸ்க் இரவல் வாங்கலாம், பழைய டிஸ்க் வாங்கிச் செலவைக் குறைக்கலாம் என்று திட்டமிடுபவர்கள் இதை முன்கூட்டியே கவனிக்க வேண்டும்.

யாரோ பயன்படுத்திய நின்டெண்டோ 3டிஎஸ் கிடைக்கிறது என்றால், அதற்கான இணையக் கடையில் கேம் விற்பனை 2023 மார்ச் மாதத்தோடு நின்றுவிட்டது என்பதை நினைவில் வையுங்கள். கேம் அட்டைகளும் கூடவே கிடைத்தால் மட்டும் வாங்கலாம்.

படி 3: பெட்டியின் மேலுள்ள வயதுக் குறியீட்டைப் படியுங்கள்

வட அமெரிக்காவில் 1994 முதல் இ.எஸ்.ஆர்.பி. என்ற அமைப்பும், ஐரோப்பாவில் 2003 முதல் பெகி என்ற அமைப்பும் கேம்களுக்கு வயதுக் குறியீடு வழங்குகின்றன. முதலாவதில் ‘இ’ என்றால் எல்லோருக்கும், ‘இ10+’ என்றால் பத்து வயதுக்கு மேல், ‘டி’ என்றால் பதின்ம வயதினருக்கு, ‘எம்’ என்றால் பதினேழுக்கு மேல். பெகியில் 3, 7, 12, 16, 18 என எண்ணே அச்சிடப்பட்டிருக்கும்.

எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். பெட்டியின் பின்புறத்தில் அதன் அருகே, வன்முறை, அச்சமூட்டும் காட்சி, கேமுக்குள் பணம் செலுத்தும் வசதி, பிற பயனர்களுடன் உரையாடும் வசதி என்று காரணங்கள் எழுதப்பட்டிருக்கும். என்ன வரும் என்று தெரியாமலேயே பணம் கொடுத்து வாங்கும் பொருட்கள் இருந்தால், இ.எஸ்.ஆர்.பி. 2020 முதல் அதையும் தனியாகக் குறிப்பிடுகிறது. குழந்தைகளுக்கான கேமில் அந்த வரி இருந்தால் நான் அதைத் தவிர்த்துவிடுவேன்.

வயதுக் குறியீடு கேமின் கடினத்தை அளப்பதில்லை என்பதுதான் புதியவர்கள் அடிக்கடி தவறவிடும் செய்தி. ‘கப்ஹெட்’ என்ற கேம் 1930களின் கார்ட்டூன்களைப் போல வரையப்பட்டது. அதன் குறியீடு ‘இ10+’. ஆனால் கைதேர்ந்தவர்களையே திணறடிக்கும் அளவுக்குக் கடினமானது. ‘இட் டேக்ஸ் டூ’ இருவர் சேர்ந்து மட்டுமே விளையாடக்கூடிய அருமையான கேம். பொம்மைகள் நிறைந்த அதன் தோற்றத்தைப் பார்த்துச் சிறு குழந்தைகளுக்கு உகந்தது என்று எண்ணத் தோன்றும். அதன் கதையோ மணமுறிவை நெருங்கிய தம்பதியைப் பற்றியது, குறியீடும் ‘டி’. குறியீட்டைப் படித்தபின், அந்தக் கேமை யாரேனும் விளையாடும் காணொளியைப் பத்து நிமிடம் பாருங்கள்.

படி 4: குழந்தையிடம் கொடுப்பதற்கு முன்பே கருவியைத் தயார் செய்யுங்கள்

பெட்டியைக் குழந்தையின் கண்முன் திறந்தால், சார்ஜ் ஏறவும் அப்டேட் இறங்கவும் அது காத்திருக்க நேரிடும். ஆகவே முதல் நாள் இரவே இவ்வேலைகளை முடித்துவிடுங்கள்.

முதலில் உங்கள் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கி, அதன்கீழ் குழந்தைக்கான கணக்கைச் சேருங்கள். நின்டெண்டோவில் ஒரு குடும்பக் குழுவில் எட்டுப் பேர் வரை சேர்க்கலாம். குழந்தையின் பிறந்த தேதியை உள்ளபடியே கொடுங்கள். வயதைக் கூட்டிப் போட்டால், அந்த வயதைக் கொண்டு செயல்படும் பாதுகாப்புகள் அனைத்தும் தளர்ந்துவிடும்.

அடுத்து, கைபேசியில் பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலியை நிறுவுங்கள். நின்டெண்டோ, எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன் மூன்றிலும் இவ்வசதி உண்டு. கேமின் வயது வரம்பு, பிறருடன் உரையாடல், நாள்தோறும் விளையாடும் நேரம், பணம் செலவழித்தல் ஆகிய நான்கையும் தேடிப் பிடித்து அமையுங்கள். உரையாடலை அடைத்துவிடுங்கள். கடன் அட்டை எண்ணைக் கருவியில் சேமித்து வைக்காதீர்கள். கட்டுப்பாட்டுக்கான ரகசிய எண்ணாக உங்கள் பிறந்த ஆண்டை வைக்காதீர்கள். குழந்தைகள் அதைத்தான் முதலில் போட்டுப் பார்ப்பார்கள்.

நேர வரம்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஸ்விட்ச் செயலியில், நேரம் முடிந்ததும் திரையில் அறிவிப்பு மட்டும் காட்டும்படி வைக்கலாம். கேமையே நிறுத்திவிடும்படியும் வைக்கலாம். தொடக்கத்தில் அறிவிப்பு மட்டும் போதும் என்று நினைக்கிறேன். பந்தயத்தின் கடைசிச் சுற்றில் திரை திடீரென நின்றுபோனால் எந்தக் குழந்தையும் அழும். அந்த அழுகையை அடம் என்று நாம் கொள்வது நியாயமல்ல. கடிகாரத்தைக் காட்டிலும், கேமுக்குள்ளேயே இருக்கும் அளவைக்கொண்டு பேசுவது நல்லது. ‘மரியோ கார்ட் 8 டீலக்ஸ்’ கேமில் ஒரு கோப்பைக்கு நான்கு பந்தயங்கள். “இன்று இரண்டு கோப்பை” என்று சொன்னால், எங்கே முடிகிறது என்பது குழந்தைக்குத் தானாகவே தெரியும். அரை மணி நேரம் என்பது அதற்குப் புரியாத கணக்கு.

படி 5: முதல் கேமைத் தேர்ந்தெடுங்கள்

ஒரே ஒரு கேம் போதும். உதவி வசதி உள்ள கேமாக, இருவர் ஒரே திரையில் விளையாடக்கூடியதாக இருக்கட்டும்.

2017இல் வந்த மேற்சொன்ன மரியோ கார்ட் கேமில், வண்டி பாதையை விட்டு விலகாமல் தானே திருப்பிக்கொள்ளும் வசதியும், பட்டனை அழுத்தாமலேயே ஓடும் வசதியும் உண்டு. வண்டியைத் தேர்ந்தெடுக்கும் திரையில் பிளஸ் பட்டனை அழுத்தினால் இவை தென்படும். தானே திரும்பும் வசதி இயங்கினால் வண்டியின் பின்னால் சிறிய ஆன்டெனா ஒன்று தெரியும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இதை அமைக்கலாம் என்பதால், நான்கு வயதுத் தங்கை உதவியுடனும் பத்து வயது அண்ணன் உதவியின்றியும் ஒரே பந்தயத்தில் ஓடலாம்.

2023இல் வந்த ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ் ஒண்டர்’ பக்கவாட்டுக் கேம். அதில் யோஷி, நாபிட் ஆகிய பாத்திரங்களை எடுத்தால் எதிரிகள் மோதினாலும் அடிபடாது. பள்ளத்தில் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். 2022இல் வந்த ‘கர்பி அண்ட் தி ஃபர்காட்டன் லேண்ட்’ கேமில் எளிய நிலை ஒன்று உண்டு. இரண்டாவது நபரும் சேர்ந்துகொள்ளலாம். முப்பரிமாணத்துக்கு மெல்லப் பழக்குவதற்கு இது நல்ல வழி.

பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவர்களுக்கு ‘ஆஸ்ட்ரோஸ் பிளேரூம்’ கருவியிலேயே இலவசமாக வருகிறது. நால்வர் வரை விளையாட ‘சாக்பாய்: எ பிக் அட்வென்ச்சர்’ இருக்கிறது. லெகோ வரிசைக் கேம்கள் அனைத்துக் கன்சோல்களிலும் கிடைக்கும். உயிர் போனாலும் சில நாணயங்களை இழப்பதோடு சரி. ‘மைன்கிராஃப்ட்’ என்றால் கிரியேட்டிவ் நிலையில், அமைதி என்ற கடின அளவை வைத்துத் தொடங்குங்கள். அரக்கர்கள் வந்து தாக்க மாட்டார்கள், கட்டுவது மட்டுமே வேலை.

படி 6: முதல் நாள் உடன் அமர்ந்து விளையாடுங்கள்

ஸ்விட்சில் விளையாடுவதானால், ஜாய்-கானுடன் வரும் மணிக்கட்டுப் பட்டையை முதலில் மாட்டுங்கள். பட்டையில் பிளஸ், மைனஸ் குறிகள் உள்ளன. ஜாய்-கானில் இருக்கும் அதே குறியோடு பொருந்தும்படி செருக வேண்டும். மாற்றிச் செருகினால் சிக்கிக்கொண்டு, கழற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கேம் அட்டை வாயில் போடும் அளவுக்குச் சிறியது என்பதால் அதில் கடும் கசப்புப் பூச்சு இருக்கிறது. ஆனாலும் அதை நம்பி, கைக்குழந்தைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிடக் கூடாது.

விளையாடத் தொடங்கியபின், குழந்தையின் கையிலிருந்து கன்ட்ரோலரை வாங்கி “இப்படிச் செய்” என்று காட்டாதீர்கள். உங்கள் கன்ட்ரோலரில் செய்து காட்டுங்கள். அதற்காகத்தான் இருவர் கேமைத் தேர்ந்தெடுத்தோம். பட்டன்களின் எழுத்துகளைச் சொல்வதைவிட, “வலப்பக்கம் இருப்பது”, “கீழே இருப்பது” என்று இடத்தைச் சொன்னால் விரைவில் பிடிபடும். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விழுந்தால், குழந்தை கேட்கும்வரை பொறுத்திருங்கள். பல நேரங்களில் அது கேட்காது; தானே கடந்துவிடும்.

அறை விளக்கு எரியட்டும். மணிக்கு ஒருமுறை பத்துப் பதினைந்து நிமிடம் ஓய்வு கொடுங்கள். தலைசுற்றலோ குமட்டலோ ஏற்பட்டால் உடனே நிறுத்துங்கள். விட்டுவிட்டு மின்னும் ஒளி சிலருக்கு வலிப்பைத் தூண்டக்கூடும். குடும்பத்தில் அத்தகைய வரலாறு இருந்தால் மருத்துவரிடம் கேட்டபின் தொடங்குங்கள்.

படி 7: உதவிகளை ஒவ்வொன்றாக விலக்குங்கள்

சில வாரங்களில் குழந்தையின் கை தேறிவிடும். அப்போது எல்லா உதவிகளையும் ஒரே நாளில் எடுத்துவிடாமல், மரியோ கார்ட்டில் தானே ஓடும் வசதியை முதலில் நிறுத்துங்கள். வேகத்தைத் தானே கட்டுப்படுத்தப் பழகியபின், தானே திரும்பும் வசதியை நிறுத்துங்கள். அது இயங்கும்வரை சில குறுக்குவழிகளில் போக முடியாது என்பதைக் குழந்தையே கண்டுபிடித்து, நிறுத்தச் சொல்லிக் கேட்பதும் உண்டு. செயலியில் மாதந்தோறும் வரும் அறிக்கையில் எந்தக் கேம் எவ்வளவு நேரம் ஓடியது என்று தெரியும். அதைக் குழந்தையுடன் சேர்ந்து பார்த்து, தொடாமல் கிடக்கும் கேம் எது, அடுத்து வாங்க வேண்டியது எது என்பதை இருவரும் முடிவு செய்யுங்கள். இணையத்தில் முன்பின் தெரியாதவர்களுடன் விளையாடும் வசதியை மட்டும் அப்போதும் திறக்க வேண்டாம். படி 4இல் அடைத்த உரையாடல் அடைத்தபடியே இருக்கட்டும்.