வேலூரில் கருத்தரங்கா? ரூம் போடுவதற்கு முன் பாலாற்றுக்கு எந்தப் பக்கம் என்று பாருங்கள்

"இடம்: வேலூர்" என்று அழைப்பிதழில் போட்டிருப்பதை மட்டும் பார்த்து ரூம் போட்டுவிடாதீர்கள். பெயருக்கு ஒரே ஊர்தான், ஆனால் வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இது இரண்டு ஊர். பாலாற்றுக்கு வடக்கே காட்பாடி, தெற்கே வேலூர் டவுன். காலை ஒன்பது மணிக்கு, பள்ளி வேனும் கல்லூரி பஸ்ஸும் லாரியும் வரிசை கட்டி நிற்கும் நேரத்தில், நீங்கள் அந்தப் பாலத்தைக் கடக்க வேண்டியிருக்கிறதா இல்லையா என்பதுதான் உங்கள் கருத்தரங்கு நாட்கள் எப்படிப் போகும் என்பதை முடிவு செய்யும். மற்றதெல்லாம் அப்புறம்.

அதனால் முதல் வேலை, அரங்கு எங்கே என்று உறுதி செய்வது. விஐடி, காந்தி நகரில் இருக்கும் ஆக்ஸிலியம் கல்லூரி, சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் மூன்றும் வடக்குப் பக்கம். இதில் சேர்க்காடு காட்பாடியை விட்டு நன்றாகத் தள்ளி இருக்கிறது, "பக்கத்தில்தானே" என்று நடக்கிற கதை இல்லை. ஊரிசுக் கல்லூரி, டிகேஎம், முத்துரங்கம் அரசு கல்லூரி எல்லாம் தெற்கே டவுன் பக்கம். சிஎம்சி என்றால் இன்னும் ஒரு படி கூடுதலாக விசாரிக்க வேண்டும், ஏனென்றால் சிஎம்சி என்றாலே மூன்று இடம்: டவுனுக்கு நடுவில் இருக்கும் பழைய மருத்துவமனை, அங்கிருந்து தெற்கே சில கிலோமீட்டர் தள்ளி பாகாயத்தில் இருக்கும் மருத்துவக் கல்லூரி, 2022-இல் திறந்த ராணிப்பேட்டை வளாகம். கடைசியாகச் சொன்னது சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி ரத்தினகிரி பக்கம் இருக்கிறது, 2019-இல் மாவட்டம் பிரிந்த பிறகு அது வேலூர் மாவட்டமே கிடையாது. விஐடிக்காரர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விஐடிக்குச் சென்னையிலும் ஒரு வளாகம் உண்டு, வண்டலூர்–கேளம்பாக்கம் ரோட்டில். அழைப்பிதழில் வெறும் "விஐடி" என்று இருந்தால் மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இடம் தெரிந்துவிட்டதா, சரி, இனி டிக்கெட். ஐஆர்சிடிசியில் வேலூர் என்று தட்டினால் வருவது வேலூர் கண்டோன்மென்ட். அது காட்பாடி–விழுப்புரம் கிளைப்பாதையில் இருக்கும் சின்ன ஸ்டேஷன், சில வண்டிகள்தான் நிற்கும். அதைப் பார்த்துவிட்டு "வேலூருக்கு ரயிலே இல்லை" என்று முடிவுக்கு வருகிறவர்கள் நிறைய பேர். நீங்கள் தட்ட வேண்டியது காட்பாடி ஜங்ஷன், குறியீடு கேபிடி. சென்னை, பெங்களூரு, கோவை, கேரளம், திருப்பதி என்று எல்லாத் திசை வண்டியும் அங்கே நிற்கிறது. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, பழைய 120 நாள் கணக்கு 2024 நவம்பரோடு போய்விட்டது, ஆகவே கட்டுரை ஏற்கப்பட்ட மின்னஞ்சல் வந்த அன்றே போட வேண்டும் என்ற அவசரம் இல்லை, ஆனால் திறந்த வாரத்திலேயே போட்டுவிடுவது நல்லது. சென்னை–பெங்களூரு பாதையில் வெள்ளி, ஞாயிறு மாலை வண்டிகள் சீக்கிரம் நிறைந்துவிடும்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குக் கவலையே வேண்டாம். சுமார் 130 கிலோமீட்டர்தான். காலை ஆறு மணிக்குள் சென்ட்ரலில் கிளம்பும் மைசூரு வந்தே பாரத் காட்பாடியில் நிற்கும், அதில் வந்தால் பதிவு மேசை திறப்பதற்கு முன்பே குளித்துக் கிளம்பலாம். கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை என்றால் பிருந்தாவன். விமானத்தில் சென்னைக்கு வந்து இறங்குகிறவர்கள் நேராக டாக்ஸி பேசிவிடுகிறார்கள். இரண்டு மூன்று பேராக இருந்தால் அது நியாயம், தனியாள் என்றால் விமான நிலையத்திலேயே மெட்ரோ ஏறி சென்ட்ரல் போய் ரயில் பிடிப்பது பாதிக்குப் பாதி கூட ஆகாது. நீல வழித்தடத்தில் ஏறினால் வண்டி மாற வேண்டியதில்லை.

சேலம், ஈரோடு, கோவைக்காரர்களுக்கு ஜோலார்பேட்டை வழியாக நிறைய வண்டி உண்டு. மதுரை, திருச்சி, நெல்லைக்காரர்கள்தான் பாவம். பெரும்பாலான வண்டிகள் விழுப்புரத்திலிருந்து நேராகச் சென்னைக்குப் போய்விடும், திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கு வருபவை குறைவு, சில வாரத்தில் சில நாட்கள்தான் ஓடும். கிழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒத்து வராவிட்டால் இரவு பஸ்தான். திருவண்ணாமலை வழியாக வருகிற யாராக இருந்தாலும் பௌர்ணமி என்றைக்கு என்று நாட்காட்டியில் ஒரு தடவை பாருங்கள். கிரிவலக் கூட்டத்தில் மாட்டினால் ஏறவும் இடம் கிடைக்காது, நிற்கவும் கிடைக்காது.

நவம்பர், டிசம்பரில் கருத்தரங்கு என்றால் பஸ்ஸையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2021 டிசம்பரில் திருவலம் அருகே பொன்னை ஆற்று ரயில் பாலம் வெள்ளத்தில் பழுதாகி, சென்னை–காட்பாடி வண்டிகள் ஒரேயடியாக ரத்தானதை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்கவில்லை. அப்போது கைகொடுத்தது ஆற்காடு வழி பஸ்தான்.

இப்போது தங்குமிடம். இதில்தான் வேலூர் மற்ற ஊர்களைப் போல இல்லை. டவுனில் லாட்ஜுக்குப் பஞ்சமே கிடையாது, காந்தி ரோடு, பாபு ராவ் தெரு, சைதாப்பேட்டை என்று சிஎம்சியைச் சுற்றி வீட்டுக்கு வீடு லாட்ஜ்தான். ஆனால் அவை சுற்றுலாக்காரர்களுக்காகவோ உங்களைப் போன்ற கருத்தரங்குக்காரர்களுக்காகவோ வந்தவை இல்லை. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், பீகார், வடகிழக்கு, வங்கதேசம் என்று அங்கிருந்தெல்லாம் சிகிச்சைக்கு வருகிறவர்களுக்காக வந்தவை. பெயர்ப்பலகையில் வங்காள எழுத்து இருக்கும், கீழே மீன் குழம்பு மெஸ் இருக்கும், அறைக்குள் சமைக்க மேடையும் அடுப்பும் இருக்கும், வாடகையை நாளுக்கு, வாரத்துக்கு, மாதத்துக்கு என்று மூன்று விதமாகச் சொல்வார்கள். நீங்கள் பையோடு போய் நின்றதும் முன்மேசையில் கேட்பது "பேஷண்ட் யாருங்க?" என்றுதான். இந்தக் கூட்டத்துக்குச் சனி ஞாயிறு, சீசன் என்றெல்லாம் கணக்குக் கிடையாது, அதனால் "வார நாள்தானே, போய்ப் பார்த்துக்கலாம்" என்பது இங்கே செல்லாது.

என் கருத்து, உங்கள் நிகழ்ச்சி சிஎம்சி மருத்துவமனையிலேயே நடந்தால் தவிர அந்தத் தெருக்களில் தங்காதீர்கள். ஆளுக்கொரு மருந்துப்பையோடு விடியற்காலை நான்கு மணிக்கே கதவு தட்டும் சத்தம் கேட்கத் தொடங்கும், தூக்கம் போகும் என்பது ஒரு பக்கம். நடக்க முடியாத ஒருவரை வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே அறை தேடி அலையும் குடும்பத்துக்கு அந்த அறை உங்களைவிட அதிகம் தேவை என்பது இன்னொரு பக்கம்.

விஐடிக்கு வருகிறீர்களா, காட்பாடியிலேயே தங்குங்கள். ஸ்டேஷனிலிருந்து விஐடி இரண்டு மூன்று கிலோமீட்டர்தான், நடுவில் எங்கே தங்கினாலும் ஆற்றைத் தாண்ட வேண்டியதில்லை. ஒரே தொல்லை, பிப்ரவரியில் விஐடியின் ரிவியரா கலைவிழா, செப்டம்பர் வாக்கில் கிராவிடாஸ் தொழில்நுட்ப விழா, பட்டமளிப்பு விழா, புது மாணவர்கள் சேரும் சமயம் இவற்றில் ஏதாவது ஒன்று உங்கள் தேதியோடு மோதினால் காட்பாடியில் ஒரு அறை கிடைக்காது. பெற்றோர்கள் முன்கூட்டியே போட்டுவிடுவார்கள். அப்போது புதிய பஸ் ஸ்டாண்ட் பக்கம் பாருங்கள். அது பாலத்துக்குத் தெற்கு முனையிலேயே இருப்பதால் இரண்டு பக்கமும் போக வசதி. ராணிப்பேட்டை வளாகத்துக்குப் போகிறவர்களுக்குக் கலெக்டர் ஆபீஸ் இருக்கும் சத்துவாச்சாரிதான் சரி, நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது, ஊருக்குள் நுழையவே வேண்டாம்.

பதிவுப் படிவத்தில் "தங்குமிடம் தேவையா" என்று ஒரு கட்டம் இருக்கும். விருந்தினர் விடுதி கிடைத்தால் யோசிக்காமல் டிக் போடுங்கள். மாணவர் விடுதி என்றால் மட்டும் நான்கு கேள்வி கேட்டுவிட்டுப் போடுங்கள்: இரவு கேட் எத்தனை மணிக்கு மூடும், படுக்கை விரிப்பு கொடுப்பார்களா, ஒரு அறையில் எத்தனை பேர், முதல் நாள் இரவே வந்தால் சேர்ப்பார்களா. கணவன் மனைவி இருவரும் கட்டுரை வாசிக்க வந்திருந்தாலும் ஆண்கள் விடுதி, பெண்கள் விடுதி என்று பிரித்துத்தான் போடுவார்கள், குழந்தையைக் கூட்டி வருகிறவர்கள் இதை முன்பே யோசிக்க வேண்டும்.

லாட்ஜில் போனில் பேசும்போது செக்-அவுட் எப்போது என்று கேளுங்கள். சில இடத்தில் மதியம் 12 மணி, சில இடத்தில் வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம். அதிகாலை ஐந்து மணிக்குக் காட்பாடியில் இறங்குகிறவருக்கு இந்த ஒரு வித்தியாசம் ஒரு நாள் வாடகை. இரண்டு மூன்று மணி நேரம் தலை சாய்த்தால் போதும் என்றால் ஸ்டேஷன் ஓய்வறைக்கு உங்கள் பிஎன்ஆரை வைத்து ஐஆர்சிடிசியில் முயன்று பாருங்கள். வெளிநாட்டுப் பேராசிரியர் யாராவது உங்களோடு வந்தால், அவர் தங்குவதை விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் குடியேற்ற அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இந்த வேலைக்குப் பயந்தே சில சின்ன லாட்ஜ்கள் வெளிநாட்டவரைச் சேர்ப்பதில்லை, சிஎம்சி பக்கத்து லாட்ஜ்களுக்கு வங்கதேசத்தவர் புண்ணியத்தில் இது கைவந்த வேலை. எப்படியும் போனில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், இரவு பத்து மணிக்கு அவரை வாசலில் நிறுத்தி வைக்காதீர்கள்.

வந்து இறங்கிய பிறகு ஊருக்குள் சுற்ற பெரிய தந்திரம் எதுவும் தேவையில்லை. ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர்கள் "சிஎம்சியா, விஐடியா, கோல்டன் டெம்பிளா?" என்று மூன்றே மூன்று பெயரைச் சொல்லிக் கேட்பார்கள், தமிழில் பதில் வராவிட்டால் அடுத்தது இந்தியில். பதில் சொல்வதற்கு முன் போனில் வாடகை ஆப்பைத் திறந்து தொகை என்ன காட்டுகிறது என்று பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள். கையில் ஒரே பைதான் என்றால் டவுன் பஸ்ஸே போதும். பாகாயம் என்று பலகை போட்ட பஸ் காட்பாடியிலிருந்து விருதம்பட்டு, பாலாற்றுப் பாலம், டவுன் என்று ஊரையே ஒரு கோடாகக் கடந்து போகும், சிஎம்சியின் இரண்டு வளாகத்துக்கும் அதுவே. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஒன்று மட்டும், புதிய பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கிரீன் சர்க்கிளில் காலையும் மாலையும் வண்டி நகராது. கூகுள் மேப் காட்டும் நேரத்தோடு இருபது நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள், உங்கள் உரை முதல் அமர்வில் என்றால் அரை மணி நேரம்.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வேலூர்க்காரன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஏப்ரல், மே மாதத்தில் 40 டிகிரி இங்கே செய்தியே இல்லை. கோட்டு சூட்டைப் பையில் மடித்து எடுத்து வந்து அரங்கு வாசலில் போட்டுக்கொள்ளுங்கள், ஏசி இல்லாத அறையில் பணம் மிச்சம் பிடிக்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். வைகாசி முதல் தேதி குடியாத்தம் கங்கையம்மன் சிரசுத் திருவிழா, அன்று குடியாத்தம் வழியாகக் காரில் வருகிறவர்கள் வேறு ரோடு பார்த்துக்கொள்வது நல்லது.

காசு திரும்ப வாங்க வேண்டியவர்களுக்கு: விடுதி பில் உங்கள் பெயரில், ஜிஎஸ்டி எண்ணோடு, தேதிகளோடு இருக்க வேண்டும். சின்ன லாட்ஜில் கார்பன் வைத்து எழுதிய ரசீதைக் கையில் திணிப்பார்கள், உங்கள் அலுவலகத்தில் அது செல்லாது. காலி செய்யும் அவசரத்தில் கேட்டால் "மேனேஜர் இல்லைங்க" என்பார்கள், அதனால் உள்ளே நுழையும்போதே சொல்லிவிடுங்கள். சான்றிதழைக் கடைசி அமர்வு முடிந்த பிறகுதான் கொடுப்பார்கள் என்பதால் ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டை நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கும் முடியும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். நிறைவு விழாவில் நன்றியுரை எவ்வளவு நேரம் போகும் என்று யாருக்கும் தெரியாது.

அரை நாள் மிச்சம் இருந்தால் கோட்டை. பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போகலாம், அகழியும் உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களும் பார்க்க வேண்டியவை. 1806 ஜூலை 10-இல் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்தது இந்த மதிலுக்குள்தான். ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு நேராக அரங்கிலிருந்து கிளம்பாதீர்கள், மொபைல், கேமரா எதையும் உள்ளே விடமாட்டார்கள். லேப்டாப் பையை அறையில் வைத்துவிட்டுப் போங்கள், அறையைக் காலி செய்துவிட்டால் பையை முன்மேசையிலேயே மாலை வரை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். சாப்பாட்டுக்கு ஆம்பூர் வரை போக முடியாது என்றாலும் ஆம்பூர் பிரியாணி டவுனிலேயே கிடைக்கும், கூட வைக்கிற கத்திரிக்காயை ஒதுக்கிவிடாதீர்கள். ஆபீசில் கொடுக்க இனிப்பு வேண்டுமென்றால் ஆற்காடு மக்கன் பேடா, சென்னைக்கு பஸ்ஸில் திரும்புகிறவர்கள் ஆற்காட்டிலேயே வாங்கலாம். ஜீராவில் ஊறிய சமாச்சாரம், டப்பாவை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு போங்கள், உங்கள் சான்றிதழ் இருக்கும் பையில் மட்டும் வைக்காதீர்கள்.