பீட்சா அடுப்பு கட்டும்போது சறுக்கும் இடங்கள்

கொல்லையில் விறகு பீட்சா அடுப்பு கட்டக் கிளம்புகிற எல்லாருக்கும் குவிமாடத்தைப் பற்றித்தான் கவலை. செங்கல் வளைந்து நிற்குமா, சரிந்து தலையில் விழுமா என்று. அனுபவமுள்ள கொத்தனார் ஒருவர் கூட இருந்தால் குவிமாடம் நின்றுவிடும். காலை வாருவது தரை.

என் முதல் அடுப்பில் சுவர் எழுப்பி, 4 அங்குல கான்கிரீட் ஸ்லாப் போட்டு, அதன்மேல் நேராகத் தீச்செங்கல்லை (கடும் சூடு தாங்கும் செங்கல்) பரப்பினேன். இரண்டு மணி நேரம் சவுக்கு எரிந்தது. முதல் பீட்சா மேலே கருகி, அடியில் பச்சை மாவாக வந்தது. இன்னும் இரண்டு கட்டை போடலாம் என்று ஸ்லாபுக்கு அடியில் அடுக்கியிருந்த விறகை எடுக்கக் குனிந்தேன். முதுகு ஸ்லாபில் பட்டதும் சுரீர் என்றது. செங்கல்லில் தங்க வேண்டிய சூட்டை அத்தனை நேரமும் கான்கிரீட் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஸ்லாபுக்கும் செங்கல்லுக்கும் நடுவே சூட்டைத் தடுக்கும் அடுக்கு ஒன்று வேண்டும். 2 அங்குல கால்சியம் சிலிகேட் பலகை போடலாம். இல்லாவிட்டால் வெர்மிகுலைட் என்ற லேசான கனிமத் துகள் 5 பங்கு, சிமென்ட் 1 பங்கு கலந்து 4 அங்குலம் கொட்டலாம். மணலை நிரப்பினால் போதும் என்பார்கள். மணல் சூட்டைத் தடுக்காது, தானும் சேர்ந்து குடிக்கும். இந்த ஒரு தவறை மட்டும் பிறகு திருத்தவே முடியாது. நான் இடித்துத்தான் கட்டினேன்.

தரைச் செங்கல்லைச் சாந்து வைத்து ஒட்டவும் கூடாது. மணலும் ஃபயர் கிளேயும் (சூடு தாங்கும் களிமண்) கலந்து மெல்லிதாகப் பரப்பி, அதன்மேல் நெருக்கி அடுக்கினால் போதும். ஒன்று விரிசல் விட்டால் அதை மட்டும் பெயர்த்து மாற்றலாம். வரிசைகள் வாசலுக்குக் குறுக்காக ஓடாமல் சாய்வாக ஓடட்டும். பீட்சாத் துடுப்பு விளிம்பில் இடறாது.

அடுத்தது வாய். இரண்டாம் அடுப்பு கட்டும்போது கொத்தனார் கேட்டார்: "என்ன சார், வாய இவ்ளோ குட்டையா வெக்கிறீங்க? கைய எப்படி உள்ள விடுவீங்க?"

"கை போக வேணாம்ணே, பீட்சா போனாப் போதும்."

அவருக்கு நம்பிக்கையில்லை. ஆனால் வாயின் உயரம் குவிமாடத்து உள்முகட்டின் உயரத்தில் நூற்றுக்கு 63 அளவில் இருக்க வேண்டும் என்பது அடுப்பு கட்டுகிறவர்களிடையே நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. முகடு 16 அங்குலம் என்றால் வாய் 10. இந்த வாய்தான் காற்று வரும் வழி, புகை போகும் வழி இரண்டும்: கீழ்ப்பாதியில் காற்று நுழையும், மேல்பாதியில் புகை வெளியேறும். வாய் உயர்ந்தால் சூடு ஓடிவிடும், தாழ்ந்தால் தீ மூச்சுத் திணறும். புகைபோக்கியும் இதே காரணத்தால் வாய்க்கு வெளியே, முன்பக்கம்தான் வர வேண்டும். முகட்டின் உச்சியில் ஓட்டை போட்டால் விறகு முழுவதும் வானத்துக்குத்தான் எரியும்.

சாந்து விஷயத்தில் வெறும் சிமென்டை நம்ப வேண்டாம். 450 டிகிரி செல்சியஸ் வாக்கில் அதிலுள்ள சுண்ணாம்பு நீரிழந்துவிடுகிறது. ஆறிய பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பி, மூட்டுகள் மாவாக உதிரும். மணல் 3 பங்கு, சிமென்ட், சுண்ணாம்பு, ஃபயர் கிளே தலா 1 பங்கு. இதில் சிமென்ட் கட்டுகிற நாட்களில் பிடித்துக்கொள்ள மட்டுமே. அது தளர்ந்தபின் மற்ற இரண்டும் தாங்கும். குவிமாடத்துக்கு நன்றாக வெந்த நாட்டுச் செங்கல்லே போதும், தரைக்குத்தான் தீச்செங்கல் கட்டாயம்.

குவிமாடத்தின் மேல் செராமிக் ஃபைபர் போர்வை இரண்டு மூன்று சுற்று வரும். அதை வெட்டும்போது முகக்கவசம் போடுங்கள், தூசி நுரையீரலுக்கு ஆகாது.

கட்டி முடித்த அன்றைக்கே ஊரைக் கூட்டி விருந்து வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரிகிறது. சாந்துக்குள் மாட்டிக்கொண்ட ஈரம் வழி கிடைக்காமல் செங்கல்லைப் பிளந்துகொண்டு வரும். ஒரு வாரம் காய விட்டு, பிறகு சுள்ளி போட்டு 150 டிகிரிக்குள் முதல் நாள் தீ. அடுத்தடுத்த நாட்களில் 50, 50 டிகிரியாக ஏற்றிக்கொண்டு போங்கள். ஆறேழு நாள் ஆகும். தலைமுடி அளவு விரிசல் வந்தால் பயப்பட வேண்டாம்.

ஐப்பசி மழையை மறக்காதீர்கள். வெளிப்பூச்சு வழியே நீர் இறங்கிப் போர்வை நனைந்தால் அடுத்த தடவை பாதி விறகு அதைக் காய வைக்கவே செலவாகும். மேலே ஒரு தகரக் கூரை போட்டுவிடுங்கள். அளவிலும் ஆசை வேண்டாம்; உள்விட்டம் 32 முதல் 36 அங்குலம் வீட்டுக்குத் தாராளம். பெயின்ட் அடித்த ஜன்னல் சட்டம், பிளைவுட் துண்டு எதுவும் விறகோடு உள்ளே போகக் கூடாது.

(ஈழத் தமிழில் இப்படிப்பட்ட அடுப்புக்குப் போறணை என்று அழகான பெயர் இருக்கிறது. போர்த்துகீசியரின் ஃபோர்னோ இலங்கைக்கு வந்து பாணோடு (ரொட்டி) தங்கிவிட்டது. நாம் ஏன் பீட்சா ஓவன் என்று இழுக்க வேண்டும்?)

கடைசியாக, அவசரப்பட்டுப் பீட்சாவை உள்ளே தள்ளுவது. தீ மூட்டியதும் உள்முகடு கரி படிந்து கறுக்கும். சூடு ஏற ஏற அந்தக் கரி தானே எரிந்து, செங்கல் வெளுத்துத் தெரியும். அதுவரை மாவைத் தேய்க்கவே வேண்டாம். வெளுத்த பிறகு தணலை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுத் தரையில் ஒரு சிட்டிகை மைதா தூவுங்கள். விழுந்தவுடன் கருகினால் கொஞ்சம் பொறுங்கள். ஈரத்துணியை வைத்துத் தணிக்கப் போனால் செங்கல் வெடிக்கலாம். மெல்லப் பழுப்பேறினால் தள்ளுங்கள். ஒன்றரை நிமிடத்தில் எடுத்துவிடலாம், நடுவில் ஒரு தடவை திருப்ப மட்டும் மறக்காமல்.