பல் அடைக்கும் பொருள்களை ஒரு கொத்தனார் ஒப்பிட்டுப் பார்த்த விதம்

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளைச் சீர்செய்வது என் தொழில். மகள் பல் மருத்துவம் படிக்கிறாள். என் கடைவாய்ப் பல் சொத்தையானபோது, "நீங்களே பாருங்கப்பா" என்று பாடப்புத்தக அட்டவணையை நீட்டினாள். பார்த்தால் பாதி நம் தொழில் கணக்குதான்.

எல்லோர் கண்ணும் முதலில் போவது அழுத்தம் தாங்கும் வலுவுக்கு. வெள்ளி அடைப்பு என்கிற அமால்கம், அதாவது பாதரசம் கலந்த உலோகக் கலவை, 400 மெகாபாஸ்கலை (அழுத்தத்தின் அலகு) தாண்டும். பல் நிறப் பிசின் அடைப்பான காம்போசிட் 300 வாக்கில். கண்ணாடிப் பொடியை அமிலத்தோடு குழைத்து வைக்கிற கிளாஸ் அயனோமர் சிமெண்ட் 150 சுற்றி. ஆனால் அது எத்தனை மணி நேரம் கழித்துச் சோதித்த எண் என்று கேளுங்கள். கான்கிரீட்டுக்கு 28 நாள் பார்ப்பதில்லையா, அது போலத்தான். முதல் ஒரு மணி நேரத்தில் அமால்கத்துக்கு முழு வலுவில் ஏறத்தாழ பாதிதான் இருக்கும். அன்றைக்குச் சீப்புச்சீடை கடிக்க வேண்டாம்.

அமால்கத்தின் இழுவிசை வலு, அதாவது இழுத்தால் தாங்குவது, 50, 60 மெகாபாஸ்கல்தான். ஓரம் மெலிந்தால் உடையும் என்பதால் குழியை ஆழமாக வெட்டுவார்கள்.

நான் அதிக நேரம் நின்றது வெப்பத்தில் விரியும் அளவில்தான். சுண்ணாம்புச் சுவரின் வெடிப்பில் சிமெண்டை அப்பினால், இரண்டும் ஒத்து விரியாமல் ஓரத்தில் மயிரிழை விட்டு, மழைநீர் அதில் இறங்கும். பல்லிலும் அதே கதை, மழைநீருக்குப் பதில் எச்சில். ஒரு டிகிரி சூட்டுக்குப் பல்லின் மேலோடான எனாமல் பத்து லட்சத்தில் சுமார் 11 பங்கு விரியும். கிளாஸ் அயனோமரும் கிட்டத்தட்ட அவ்வளவே. அமால்கம் 25. காம்போசிட் 25 முதல் 50 வரை போகும். அதன் பிசினில் கலக்கிற நிரப்புப்பொடி கூடினால் குறையும். பந்தியில் கொதிக்கிற ரசத்தையும் அடுத்து ஐஸ்கிரீமையும் விடாதவர்கள் இந்த வரிசையைத் தவறவிடக் கூடாது.

அப்புறம் இறுகும்போது சுருங்குவது. காம்போசிட் கன அளவில் 2, 3 சதவீதம் சுருங்கும். அதற்காகவும், அதை இறுக வைக்கிற நீல ஒளி அடிவரை எட்டவும், 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைக்கிறார்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்த நம் ஊர்ப் பூச்சையும் ஒரே அப்பலில் முடிக்க முடியாதே!

ஆத்தங்குடித் தரைக்கல்லை வார்த்தபின் தண்ணீரில் ஊறப்போடுவோம். கிளாஸ் அயனோமரோ தொடக்கத்தில் நனைந்தாலும் கெடும், காய்ந்தாலும் வெடிக்கும். மேலே வார்னிஷ் பூசுவது அதனால்தான்.

எனக்கு மெல்லும் பரப்பில் காம்போசிட் வைத்தார்கள். ஈறோரத்திலும் ஒரு தேய்வு இருந்தது. அங்கே மெல்லுகிற பாரம் நேராக விழாது; பல்லோடு தானாக ஒட்டுகிற கிளாஸ் அயனோமரே அதற்குப் போதும் என்றேன். மகளும் சரி என்றாள்.