தனியே விட்டால் பதறும் நாய்: நொடிக் கணக்கில் தொடங்கும் பயிற்சி

மே மாதம் வந்துவிட்டால் கிருஷ்ணகிரியின் மாங்காய் மண்டிகளில் இரவு பகல் பாராமல் லாரிகள் நிற்கும். அப்படி ஒரு மண்டியின் வாசலில், பெங்களூரா மாங்கொட்டைகளை நக்கிக்கொண்டு கிடந்த ஒரு செந்நிறப் பெண் நாயைச் சென்ற கோடை விடுமுறையில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கழுத்தைச் சுற்றிக் கயிறு அறுத்த தழும்பு இருந்ததால், யாரோ கட்டி வளர்த்துப் பிறகு கைவிட்ட நாய் என்று நினைத்துக்கொண்டோம். செவலை என்று பெயர் வைத்தோம். ஒரு மாதம் அவள் என் காலடியை விட்டு நகரவில்லை. நானும் அதைப் பாசம் என்றே எடுத்துக்கொண்டேன்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் நாள், இரண்டாம் பாடவேளை முடிந்தபோது எதிர்வீட்டுத் தையற்கடை அக்கா போனில் அழைத்தார். "டீச்சர், நீங்க போனதுல இருந்து உங்க நாய் ஒப்பாரி வெச்சுக்கிட்டே இருக்குது, எனக்கே மனசு கேக்கல." அனுமதி வாங்கிக்கொண்டு வந்து பார்த்தேன். வாசற்கதவின் அடிப்பகுதி விரல் பதியும் ஆழத்துக்குச் சுரண்டப்பட்டிருந்தது. உதிர்ந்த மரத்தூளில் நகத்து இரத்தம் ஒட்டியிருந்தது. காலையில் வைத்த கேழ்வரகுக் களியும் அவித்த முட்டையும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. அன்று தொடங்கிய பயிற்சியை, முதன்முறையாக இப்படி ஒரு நாயோடு வாழ்பவர்களுக்காகப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: பயமா, சலிப்பா என்று பாருங்கள்

சலிப்படைந்த நாய் தலையணையைக் கிழிக்கும், குப்பைக்கூடையைக் கவிழ்க்கும், நடுவில் தூங்கவும் செய்யும். பிரிவுப் பதற்றம் (தனியே விடப்படும்போது வரும் பயம்) உள்ள நாய் செய்யும் சேதமோ பெரும்பாலும் நீங்கள் வெளியேறிய வழியில், அதாவது கதவு, நிலைச்சட்டம், சன்னல் ஆகிய இடங்களில் இருக்கும். ஆள் கிளம்பிய சில நிமிடங்களுக்குள்ளேயே அது தொடங்கிவிடும். எச்சில் வடியும், மூச்சு இரைக்கும், நன்றாகப் பழகிய நாய்கூட வீட்டுக்குள் சிறுநீர் கழித்துவிடும், பிடித்த தீனியைத் திரும்பியும் பார்க்காது.

இதை ஊகித்துக்கொள்ளாமல் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. பயன்படாமல் கிடக்கும் பழைய ஸ்மார்ட்போனை அலமாரியில் சாய்த்து வைத்து, அதிலிருந்து உங்கள் போனுக்கு வீடியோ அழைப்பு போட்டு, உங்கள் குரல் கேட்காதபடி ஒலியை அணைத்துவிட்டு வெளியே செல்லுங்கள். தெருமுனைப் புளியமரத்தடியில் ஸ்கூட்டியின் மேல் உட்கார்ந்து நான் பார்த்தபோது, 12ஆவது நொடியில் செவலையின் காதுகள் பின்னால் மடிந்தன. சற்று நேரத்தில் வெறும் வாயை நக்கினாள், பிறகு கொட்டாவி விட்டாள். முக்கால் நிமிடத்தில் கதவுக்கும் சமையலறைக்குமாக நடக்கத் தொடங்கினாள். ஒன்றரை நிமிடத்தில் தலையைத் தூக்கி ஊளையிட்டாள். புதிதாகத் தொடங்குபவர்கள் ஊளை கேட்கும் நேரத்தையே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். நமக்கு வேண்டிய எண் அந்த 12 தான். காது மடிந்த நொடியிலேயே பயம் வந்துவிட்டது. ஊளை அதற்குப் பிந்திய செய்தி.

இரண்டாம் படி: கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்

சிறுநீர்த் தொற்று, மூட்டுவலி, உண்ணிக் காய்ச்சல் போன்றவையும் நாயை நிலைகொள்ளாமல் ஆக்கும் என்பதால், பயிற்சிக்கு முன்னரே அரசு கால்நடை மருத்துவமனையிலோ தனியார் மருத்துவரிடமோ ஒருமுறை முழுமையாகக் காட்டிவிடுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை அன்றே போட்டுவிடலாம். வந்த புதிதில் நாய் உங்களைக் கடித்தாலோ நகத்தால் கீறினாலோ, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். "நம்ம வீட்டு நாய்தானே" என்று இருந்துவிடக் கூடாது. எங்கள் மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வார்த்தையும் சொல்ல வேண்டும். மாங்கொட்டையை விழுங்கும் நாய்க்குக் குடல் அடைப்பு ஏற்பட்டு, அறுவை சிகிச்சை வரை போகக்கூடும். சீசனில் தெருவெல்லாம் கொட்டை கிடக்கும் என்பதால் நடை கூட்டிப் போகும்போது தரையிலும் ஒரு கண் வைத்திருங்கள்.

மூன்றாம் படி: பயிற்சி முடியும் வரை தனிமையே வேண்டாம்

கேட்டவுடன் எல்லோரும் மலைத்துப்போகும் படி இது. ஆனாலும் இதைத் தாண்டிக் குறுக்கு வழி கிடையாது. காலையில் பத்து நிமிடம் பொறுமையாகப் பயிற்சி கொடுத்துவிட்டு அதே நாளில் ஏழு மணி நேரம் பூட்டிவிட்டுப் போனால், தனிமை என்றால் பயம் என்னும் பழைய பாடத்தையே நாய் மறுபடியும் படித்துக்கொள்ளும்.

என் கணவர் ஓசூரில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். அவருக்கு இரவு ஷிப்ட் வரும் வாரங்களில் பகலில் வீட்டில் ஆள் இருந்தது. மற்ற வாரங்களில் தையற்கடை அக்கா செவலையைத் தன் தையல் மெஷினுக்கு அடியில் படுக்க வைத்துக்கொண்டார். அவர் சம்பளம் வாங்க மறுத்துவிட்டதால் ரவிக்கைத் துணிகளாகக் கொடுத்துக் கணக்குத் தீர்த்தேன். உங்கள் வீட்டில் பாட்டி இருக்கலாம், பக்கத்தில் மளிகைக் கடை இருக்கலாம், வேலை செய்யும் இடத்திலேயே ஓர் ஓரம் கிடைக்கலாம். இந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு வேண்டியது ஒரு மனிதத் துணை. அது நீங்களாகவே இருந்தாக வேண்டும் என்பதில்லை. துணைக்கு இன்னொரு நாய் வாங்கச் சொல்பவர்கள் உண்டு. மனிதரைத் தேடி அழும் நாய்க்கு அது பல நேரங்களில் உதவுவதில்லை என்பதோடு, கவனிக்க வேண்டிய நாய்கள் இரண்டாகிவிடும்.

நான்காம் படி: சாவிச் சத்தத்தின் பொருளை மாற்றுங்கள்

நாம் கிளம்பப் போகிறோம் என்பது நாய்க்கு நமக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் அந்த வரிசை டிபன் பாக்ஸை மூடும் சத்தம், கைப்பையின் ஜிப், சேலையில் குத்தும் பின், ஸ்கூட்டிச் சாவி என்று இருந்தது. சாவியை எடுப்பதற்குள் செவலைக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியிருக்கும். ஆகவே கிளம்பும் எண்ணமே இல்லாத நேரங்களில் இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துச் செய்ய வேண்டும். சாவியை எடுத்துக் குலுக்கிவிட்டு உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினேன். கைப்பையை மாட்டிக்கொண்டு போய்க் கீரை ஆய்ந்தேன். ஒரு நாளைக்குப் பலமுறை என்று இரண்டு மூன்று வாரம் செய்த பிறகு, சாவி குலுங்கினால் செவலை ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் இரண்டு சைகைகளைச் சேர்த்துச் செய்யத் தொடங்கினேன்.

ஐந்தாம் படி: பயம் வருவதற்கு முன் திரும்பி வாருங்கள்

மொத்தப் பயிற்சியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நாய் நிம்மதியாக இருக்கும் அளவுக்குள் மட்டுமே நீங்கள் மறைய வேண்டும். அது பதறுவதற்கு முன் திரும்பிவிட வேண்டும். செவலைக்கு 12 நொடியில் காது மடிந்ததால் நான் அதில் பாதிக்கும் குறைவாகத் தொடங்கினேன். முதல் நாட்களில் கதவைத் திறந்து மூடினேன், அவ்வளவுதான். பிறகு வெளியே காலை வைத்து ஒரு நொடி நின்றுவிட்டு உள்ளே வந்தேன். வந்தவுடன் கொஞ்சுவதோ பேசுவதோ இல்லாமல், ஏதோ மறந்து எடுக்க வந்தவள் போல வந்து, நாய் மீண்டும் தலையைக் கீழே வைத்துப் படுக்கும் வரை, பெரும்பாலும் ஒரு நிமிட நேரம், காத்திருந்துவிட்டு அடுத்த முறை சென்றேன்.

நேரத்தை ஏணிப்படி போல ஏற்றிக்கொண்டே போகக் கூடாது. ஒவ்வொரு முறையும் முந்தியதைவிடக் கடினமாக இருந்தால், நாய் அதையும் கண்டுபிடித்துவிடும். பள்ளியின் பழைய வருகைப் பதிவேடு ஒன்றில் நான் குறித்து வைத்த ஒரு நாள் கணக்கு இப்படி இருக்கிறது: 3 நொடி, 8 நொடி, 2 நொடி, 10 நொடி, 5 நொடி, 14 நொடி, 4 நொடி. பதினான்காவது நொடியில் காது அசையாததால் எதிரே சிவப்பு மையில் ஒரு 'வ' போட்டிருக்கிறேன். ஆசிரியர் புத்தி எங்கே போகும்?

ஒரு நாளைக்கு 10 முதல் 20 நிமிடத்துக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். வாரத்தில் ஓரிரு நாட்கள் விடுமுறை விடுங்கள். தொடக்கத்தில் ஒரு நிமிடத்தை எட்டுவதற்கே சில வாரங்கள் ஆகலாம். பதற்றத்தின் பெரும்பகுதி முதல் 40 நிமிடத்துக்குள் வந்துவிடுவதால், அந்த எல்லையைத் தாண்டிய பிறகு ஐந்து பத்து நிமிடங்களாக ஏற்றலாம். ஒன்றரை மணி நேரம் அமைதியாகப் படுத்திருக்கும் நாய், பெரும்பாலும் அரை நாளையும் தாங்கிக்கொள்ளும் என்பது பயிற்சியாளர்கள் சொல்லும் நடைமுறைக் கணக்கு.

தீனியைப் பற்றி ஒரு குறிப்பு. பழைய துண்டுக்குள் அவித்த கோழித் துண்டுகளைச் சுருட்டி வைத்து, அதைப் பிரித்துத் தின்னும் நேரத்தில் நழுவிவிடலாம் என்று நானும் நினைத்தேன். தீனி தீர்ந்த நொடியில் அவள் தலை நிமிர்ந்த விதத்தைக் கேமராவில் பார்த்த பிறகு அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன். மூக்குக்கு வேலை கொடுப்பதற்கு அந்தத் துண்டு மிக நல்லது. அதை நீங்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில் கொடுங்கள். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவற்றை எந்த நேரத்திலும் கொடுக்க வேண்டாம்.

சறுக்கும்போது

தீபாவளிக்கு முந்திய வாரம் செவலை 25 நிமிடம் வரை வந்திருந்தாள். முதல் சரவெடிக்கே கட்டிலுக்கு அடியில் போனவள், பண்டிகை முடிந்து பார்த்தால் இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. மாரியம்மன் திருவிழாவின் பம்பைச் சத்தம், எருது விடும் விழா நாளில் தெருவில் எழும் கூச்சல், கல்யாண மண்டப வெடி என்று நம் பக்கத்தில் இதற்குக் குறைவே இல்லை. அப்படிப்பட்ட நாட்களில் பயிற்சியை நிறுத்திவிட்டு, சத்தம் அடங்கிய பிறகு நாய் தாங்குவது இரண்டு நிமிடம் என்றால் ஒரு நிமிடத்திலிருந்தும், ஒரு நிமிடம் என்றால் அரை நிமிடத்திலிருந்தும் மறுபடி தொடங்க வேண்டும். முதல் தடவை ஆன காலம் இரண்டாம் தடவை ஆகாது. எங்களுக்கு மூன்று வாரத்தில் பழைய 25 திரும்பி வந்தது.

எத்தனை குறைத்தாலும் நாயால் சில நொடிகள்கூடத் தாங்க முடியவில்லை என்றாலோ, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிறது என்றாலோ மருந்தைப் பற்றி மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். குளோமிப்ரமின், ஃபுளூவாக்சடின் ஆகிய இரண்டும், பயிற்சியோடு சேர்த்து நாய்களின் பிரிவுப் பதற்றத்துக்குக் கொடுப்பதற்கென்றே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தவை. இவற்றின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். வெறும் தூக்க மருந்து உடலை அசையவிடாமல் செய்யுமே தவிர, உள்ளே இருக்கும் பயத்தைத் தணிப்பதில்லை. மனிதர்களின் மாத்திரையை உடைத்துத் தோராயமாகக் கொடுப்பது ஆபத்து.

பலரும் சொல்லும் யோசனைகள் சில

"மொட்டை மாடியில் சங்கிலி போட்டுக் கட்டிவிடுங்கள், இரண்டு நாளில் பழகிவிடும்" என்பதுதான் எனக்கு அதிகம் கிடைத்த அறிவுரை. பதறும் நாய் சங்கிலியில் கழுத்து இறுகிச் சாகக்கூடும். சித்திரை வெயிலில் மாடி அடுப்பாகவே இருக்கும். கூண்டில் அடைத்தாலும் பல்லையும் நகத்தையும் உடைத்துக்கொள்ளும். இரண்டு நாளில் சத்தம் நின்றுவிட்டது என்றால் அது பழக்கம்தானா, ஓய்ந்துபோனதா என்று பார்க்க வேண்டும்.

கதவைக் காட்டித் திட்டுவதிலும் பயன் இல்லை. திட்டும்போது காதை மடித்து முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பார்த்து, "தப்பு செஞ்சது அதுக்கே தெரியுது" என்கிறோம். நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், அந்த முகம் நாய் தவறு செய்ததா இல்லையா என்பதைப் பொறுத்து வராமல், வளர்ப்பவர் கடிந்துகொண்டதைப் பொறுத்தே வந்தது என்று தெரிந்தது. அதே போல, பயந்த நாயை அணைத்துத் தேற்றினால் பயம் வளர்ந்துவிடும் என்பதும் சரியில்லை. இடி இடிக்கும் இரவில் செவலை எங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் படுக்கிறாள்.

இப்போதைய நிலை

பொங்கல் விடுமுறை முடிந்த வாரத்தில் செவலை ஒன்றரை மணி நேரத்தைத் தொட்டாள். மார்ச் மாதம் முதல் நான்கு மணி நேரம் தனியாக இருக்கிறாள். மதியம் தையற்கடை அக்கா கதவைத் திறந்து வெளியே கூட்டிப்போய்விட்டு, மாலை வரை தன்னிடமே வைத்துக்கொள்கிறார். முழு நாளும் விடுவதற்கு நான் இன்னும் முயலவில்லை. அதற்கு அவசரமும் இல்லை.

இன்றோடு பள்ளி ஆண்டு விடுமுறை தொடங்குகிறது. சென்ற ஆண்டு இதே விடுமுறைதான், ஒரு மாதம் முழுவதும் பக்கத்திலேயே இருந்துவிட்டு ஜூன் மாதத்தில் திடீரென்று காணாமல் போன ஆளாக என்னை அவளுக்குக் காட்டியது. அதனால் இந்த முறை, போக வேண்டிய வேலை எதுவும் இல்லாவிட்டாலும், தினமும் காலையில் டிபன் பாக்ஸை மூடி, கைப்பையை மாட்டி, சாவியை எடுத்துக்கொண்டு கேஆர்பி அணைப் பக்கமாக ஒரு மணி நேரம் போய் வரப்போகிறேன்.