இத்தாலி மலையூரில் வீடு எடுப்பவர்கள் கவனத்துக்கு

டஸ்கனி, உம்பிரியா பக்கம் ஒரு மலையூரில் வீடு எடுத்து, நண்பர்களாகச் சேர்ந்து ஒரு வாரம் தங்கிவிட்டு வரும் ஆசை இப்போது நிறையப் பேருக்கு வந்திருக்கிறது. கிளம்புகிறவர்கள் சிலர் என்னிடம் திட்டத்தைக் காட்டுவார்கள். பால்கனியிலிருந்து தெரியும் திராட்சைத் தோட்டம் வரை படம் இருக்கும். எந்த அறை யாருக்கு என்று வாட்ஸாப்பில் ஒரு சண்டையும் நடந்து முடிந்திருக்கும். வாடகைக் கார் இரவில் எங்கே நிற்கும் என்று கேட்டால் மட்டும் பதில் வராது. நானும் ஒரு காலத்தில் அப்படிக் கிளம்பியவன்தான். நல்ல ஷூ எடுத்துப் போங்கள், முன்கூட்டியே பதிவு செய்யுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

## காரை வாசல் வரை ஓட்டிப் போவது

இந்த ஒன்றில் மட்டும் எனக்கு எரிச்சல் இன்னும் தீரவில்லை.

இத்தாலியின் பழைய ஊர்கள் பலவற்றில் மதிலுக்கு உட்பட்ட பகுதி ‘இசட்.டி.எல்.’, அதாவது போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பகுதி. அங்கே குடியிருப்பவர்களின் வண்டியும் அனுமதி வாங்கிய வண்டியும்தான் போகலாம். நுழைவில் சிவப்பு விளிம்பு போட்ட வெள்ளை வட்டப் பலகை, மேலே ஒரு கேமரா. தடுப்புக் கட்டையும் கிடையாது, போலீஸ்காரரும் கிடையாது. சில ஊர்களில் ‘வார்க்கோ ஆத்திவோ’ என்று மின்பலகை ஒளிரும். வழி திறந்திருக்கிறது போல என்று நினைத்து நுழைந்தவர்கள் உண்டு. கேமரா விழித்திருக்கிறது, நுழையாதே என்கிறது அது.

எனக்குத் தெரிந்த ஒரு குழு மோன்தெபுல்சியானோவில் தங்கியது. எட்டுப் பேர், இரண்டு கார். அந்த ஊர்த் தெரு எவ்வளவு செங்குத்து என்பதற்கு, ஆகஸ்ட் கடைசி ஞாயிறு அங்கே நடக்கும் ‘பிராவியோ தெல்லே போத்தி’ போட்டியே சாட்சி. சுமார் 80 கிலோ எடையுள்ள மரப்பீப்பாயை இரண்டிரண்டு பேராக ஒரு கிலோமீட்டருக்கு மேல் மேட்டில் உருட்டிக்கொண்டு ஓடுவார்கள். அந்த மேட்டில் பெட்டியை இழுக்க யாருக்கு மனசு வரும்? மேப் காட்டிய வழியில் நேரே உள்ளே போய் வாசலில் இறக்கினார்கள். மறுநாள் மளிகையோடு ஒரு தடவை. முழங்கால் வலிக்காரர் ஒருவருக்காக இன்னொரு தடவை. “யாரும் ஒண்ணும் கேக்கலையே” என்று பெருமை வேறு.

சில மாதம் கழித்து, கார் எடுத்தவரின் கார்டிலிருந்து வாடகை நிறுவனம் ஒரு தொகையைப் பிடித்தது. அபராதம் போய்விட்டது, தொல்லை விட்டது என்று இருந்துவிட்டார். அது அபராதமே இல்லை. அவருடைய பெயரையும் முகவரியையும் நகராட்சிக்குத் தெரிவித்ததற்கான கட்டணம். நிஜ நோட்டீஸ் அப்புறம்தான் தபாலில் வந்தது, நுழைந்த ஒவ்வொரு தடவைக்கும் தனித்தனியாக. ஒன்றுக்கு 80 யூரோவுக்கு மேல், அனுப்பிய செலவு தனி. கைக்கு வந்த 5 நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் குறையும். குழுவில் போட்டு விவாதித்ததில் அந்த 5 நாளும் போயிற்று.

வெளிநாட்டுக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பச் சட்டம் 360 நாள் தருகிறது. அதனால் செலவுக் கணக்கைப் பிரித்து முடித்து, ஆளாளுக்குக் குழுவை மியூட் செய்த பிறகுதான் இது வரும். அப்போது போய் “உங்க பங்கு” என்று கேட்டுப் பாருங்கள். மளிகைக்குப் போனபோது தான் காரிலேயே இல்லை என்று ஒருவர் வாதாடினார்!

வீட்டுக்காரரிடம் முன்பே கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. வீடு இசட்.டி.எல்.லுக்கு உள்ளேயா? பெட்டி இறக்குவதற்காக என் வண்டி எண்ணைப் பதிவு செய்ய முடியுமா? பல ஊர்களில் முடியும், சில ஊர்களில் முடியாது. வாடகைக் காரின் எண் சாவி வாங்கும்போதுதான் தெரியும். கவுன்ட்டரிலிருந்தே நம்பர் பிளேட்டைப் படமெடுத்து அனுப்பி, பதிவு செய்தாயிற்று என்று எழுத்தில் பதில் வந்த பிறகு மலை ஏறுங்கள். போனில் சொன்ன ‘நோ ப்ராப்ளம்’ செல்லாது. முடியாது என்றால் மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடங்கள். வெள்ளைக் கோடு போட்ட இடம் பொதுவாக இலவசம், நீலம் கட்டணம், மஞ்சள் நமக்கு இல்லை.

## எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓடவிடுவது

இத்தாலிய வீடுகளுக்குப் பெரும்பாலும் 3 கிலோவாட் மின் இணைப்புதான். அடுப்படியில் ஓவன், குளியலறையில் வாஷிங் மெஷின், மாடியில் யாரோ ஹேர் டிரையரைப் போடுவார்கள். அவ்வளவுதான், வீடே இருட்டு. திரும்பப் போடும் சுவிட்ச் தெருவோர மீட்டர் பெட்டியில் இருக்கலாம். போன அன்றே, வெளிச்சம் இருக்கும்போதே, அது எங்கே என்று பார்த்து வையுங்கள்.

## ரயில் நிலையத்தின் பெயரை நம்புவது

ஊர் மலை மேல், ரயில் சமவெளியில். மோன்தெபுல்சியானோ என்ற பெயரில் நிலையம் இருக்கிறது, ஊருக்கு அங்கிருந்து நடக்க முடியாது. கொர்தோனாவுக்கு கீழே கமூச்சியாவில் இறங்க வேண்டும். சான் ஜிமிஞானோவுக்கு போஜிபோன்ஸியில் இறங்கி பஸ். ஒர்வியேதோ மட்டும் புண்ணியம் செய்த ஊர்: நிலையத்துக்கு எதிரிலேயே மேலே ஏற்றிவிடும் இழுவை ரயில் இருக்கிறது.

## ஞாயிறு மதியம் போய் இறங்குவது

பஸ் குறைவு, சில தடங்களில் அறவே இல்லை. கிராமத்து மளிகைக்கடை சாதாரண நாளிலேயே மதியம் ஒரு மணி வாக்கில் மூடி, நாலு மணி வாக்கில்தான் திறக்கும். ஞாயிறு மாலை திறந்தால் அதிர்ஷ்டம். ஹோட்டலில் இரவுச் சாப்பாடு ஏழரைக்கு முன்னால் கிடைப்பது கடினம். மலை ஏறுவதற்கு முன் கீழே உள்ள சூப்பர் மார்க்கெட்டில் அன்றைக்கும் மறுநாள் காலைக்கும் வாங்கிவிடுங்கள்.

## ஒரே ஒரு டிரைவர்

ஒயினுக்குப் பேர்போன சியான்டி பக்கம் போகிற குழுவில் இது அநியாயம். இரண்டு பேர் பெயரையாவது ஒப்பந்தத்தில் சேருங்கள். இந்திய உரிமம் வைத்திருப்பவருக்கு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும்.

## குப்பை

எந்த நாளில் எந்தப் பை என்று அட்டவணை இருக்கும். படியுங்கள்.

## சொல்லாமல் ஆள் சேர்ப்பது

“ரெண்டு ராத்திரிதானே, சோபாவில் படுத்துக்கறேன்” என்று ரோமிலிருந்து ஒரு நண்பர் வந்து சேருவார். தங்குகிற ஒவ்வொருவர் விவரத்தையும் வந்த 24 மணி நேரத்துக்குள் போலீசுக்கு அனுப்புவது வீட்டுக்காரரின் சட்டக் கடமை. சுற்றுலா வரி வசூலிக்கும் ஊர்களில் அதையும் தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று எண்ணித்தான் வாங்குவார். கூடுதல் ஆள் வருகிறார் என்றால் அவருடைய பாஸ்போர்ட் படத்தை முதலில் அனுப்புங்கள், சோபாவை அப்புறம் விரிக்கலாம்.